மாதிரிக்கு அனுப்பிய அனுமதி

என் மனைவி கட்டட வேலை சூப்பர்வைசர். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் சிமெண்ட் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனவள், பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டு இன்று இரண்டு கட்டடங்களைக் கட்டி மேய்க்கிறாள். அவளிடம் ஒன்று சொன்னால் நாலு கேள்வி திரும்பி வரும். கம்பி வந்துவிட்டது என்றால், எத்தனை, என்ன அளவு, எங்கே இறக்கினீர்கள், மழை வந்தால் எதைப் போட்டு மூடுவீர்கள் என்பாள். வீட்டிலும் அதே கதைதான். உப்பு வாங்கி வந்ததற்கே எனக்கு விசாரணை நடந்திருக்கிறது.

அவளிடம்தான் இஞ்சினியர் மூன்று ஆப்களின் பெயரைக் கொடுத்து, இனி சைட் வேலையைப் போனிலேயே நடத்தலாம், எது தோதுப்படும் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றிருந்தார். எனக்கு ஆப் என்றாலே எரிச்சல். நான் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். நேராகப் போய்க்கொண்டிருந்தவனை முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்திய ஆப் எல்லாம் எனக்குத் தெரியும். சொன்னால் அவள் கேட்டால்தானே.

ஒரு புதன்கிழமை காலை, அவள் கண்ணைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். வரிசை நீளமாக இருந்தது. அவள் போனை எடுத்து இரண்டாவது ஆப்பைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். சைட்டின் பெயரைக் கேட்டது, கொடுத்தாள். வேலையாட்களின் நம்பரைக் கேட்டது, கான்கிரீட் தளத்துக்குப் பலகையும் முட்டும் கொடுக்கிற சென்ட்ரிங் மேஸ்திரியின் நம்பரையே கொடுத்தாள். பொய்யாக ஏதாவது கொடுக்கக் கூடாதா? அவளுக்குப் பொய்க் கணக்கு எழுதிப் பழக்கமில்லை. பிறகு ஒரு பட்டியல் வந்தது. அதில் முதலில் இருந்த "சென்ட்ரிங் பிரிக்கலாம்" என்பதை மாதிரிக்கு அழுத்திப் பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு என்று எனக்கும் காட்டினாள்.

அப்புறம் கூப்பிட்டார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கொஞ்ச நேரம் எழுத்தெல்லாம் மங்கலாகத்தான் தெரியும் என்று வெளியே உட்கார வைத்தார்கள். போன் முனகியது. "யாருன்னு பாருங்க" என்று என்னிடம் நீட்டினாள்.

படித்தேன். "மேஸ்திரி போட்டிருக்கார். சரிங்க மேடம், பிரிக்கிறோம்னு."

அவள் மாதிரிக்கு அழுத்தியதை ஆப் நிஜமாகவே அவருக்கு அனுப்பியிருந்தது. சைட்டில் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. கீழே தாங்கி நிற்கிற முட்டுகள் பதினாலு நாளாவது அசையாமல் நிற்க வேண்டும். இப்போது உருவினால் தளம் மொத்தமும், உருவுகிறவர்கள் தலையில்.

போன் போட்டோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தது, எடுக்கவில்லை. மேஸ்திரியோடு சேர்த்து அந்த வேலையில் ஏழு பேர். ஒருவரும் எடுக்கவில்லை. மருந்து விட்ட கண்ணோடு அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வெயில் பட்டு கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "நான் கொன்னுட்டேங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, முன்னால் மெதுவாகப் போன ஒரு காரைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். பாவம், அந்த ஆள் என்ன செய்வார்.

சைட் வாசலில் திரும்பினால், தளம் அப்படியே நின்றது. எதிரே செங்கல் அடுக்கின் மேல் ஏழு பேரும் பனியனோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை நிறுத்துவதற்குள் அவள் குதித்துவிட்டாள்.

மேஸ்திரி எழுந்து வந்தார். செய்தியைப் பார்த்ததும் சரி என்று போட்டுவிட்டு, ஓரத்தில் இரண்டு முட்டுகளை எடுத்தும் விட்டார்களாம். மூன்றாவதில் கை வைக்கும்போதுதான் அவருக்கு உறுத்தியிருக்கிறது.

"ஒரு முட்டு எடுக்கணும்னாலும் நீங்க நாலு கேள்வி கேப்பீங்க மேடம். இன்னிக்கு ஒண்ணுமே கேக்கல. அப்புறம்தான் தேதிய எண்ணிப் பாத்தேன்."

உடனே மற்றவர்களை வெளியே விரட்டிவிட்டு, தான் மட்டும் நின்று அந்த இரண்டு முட்டுகளையும் பழையபடி இறுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறார். எல்லோருடைய சட்டையும் உள்ளே ஆணியில் தொங்கியது, போன்கள் சட்டைப்பையில். உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். எடுக்கப் போகிறேன் என்றவர்களை அவர் விடவில்லை. தனக்கும் இன்னொரு தடவை உள்ளே போகத் துணிவு வரவில்லை என்று கூச்சத்தோடு சொன்னார்.

அவளே இஞ்சினியருக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது என்று நடந்ததைச் சொன்னாள். அவர் ஓடி வந்தார். ஓரத்தில் இன்னும் நாலு முட்டு கொடுக்கச் சொல்லி, கீழேயும் மேலேயும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். விரிசல் இல்லை, தொய்வு இல்லை, இனிப் பயமில்லை என்றார். அவளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. சனிக்கிழமை அவள் மூன்றாவது ஆப்பைத் தேர்ந்தெடுத்தாள். கான்கிரீட் போட்ட தேதியைக் கேட்டு, நாள் ஆகவில்லையென்றால் பிரிக்க அனுமதி கொடுக்கவே விடாது அது. பார்க்க அழுது வடியும், இருந்தாலும் எனக்கே அதன் மேல் மரியாதை வந்துவிட்டது.

அந்தப் புதன்கிழமை, இஞ்சினியர் கிளம்பியதும், சட்டைகளை நானே எடுத்து வருகிறேன் என்றாள். மேஸ்திரி வேண்டாம் என்றார், நானும் தடுத்தேன். கேட்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு போய், ஆணியில் கிடந்த ஏழு சட்டைகளையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கண் இன்னும் தெளியவில்லை, எது யாருடையது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக நீட்டி, "இது யாரோடது?" என்று கேட்டாள்.

"என்னுது மேடம்" என்று ஒருவர் வாங்கிக்கொண்டார். அடுத்ததை நீட்டினாள். ஏழு தடவை கேட்டாள், ஏழு தடவையும் பதில் வந்தது. கை காலியான பிறகுதான் செங்கல் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.