மாமா எனக்குச் சலாம் வைத்தபோது

என் மாமனார் எனக்குத் தாய்மாமனும்கூட. அதனால் மாப்பிள்ளை மரியாதை காட்டும் அவசியம் அவருக்கு ஏற்படவே இல்லை. 'எரும' என்றுதான் கூப்பிடுவார். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை பார்த்த என் ஒல்லி உடம்புக்கு அது கொஞ்சம் தாராளமான பட்டம்.

அவருக்கு வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஈரல் கெட்டுவிட்டது என்று தோட்டத்து மருந்துக்கார ஐயா சொன்ன வருடம், தீபாவளிக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வழக்கம்போல் பங்கு ஆடு அடித்தார்கள். ஈரல் கெட்டவனுக்கு ஈரலே மருந்து என்பது லயம் முழுக்கத் தெரிந்த வைத்தியம். ஆட்டுக்கு இருப்பதோ ஒரே ஈரல். பங்குக்காரர்கள் எல்லாரும் விட்டுக்கொடுத்து, முழுசாக எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். என் மனைவி மிளகு போட்டு வறுத்தாள். நானும் ஒரு துண்டு கேட்டேன்.

"எருமைக்கு எதுக்குடா ஈரல்?" என்று மாமா சட்டியை வழித்தார்.

மறுநாள் காலை, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கழித்துப்போட்ட கோட்டோடு நான் உள்ளே போனேன். மாமா எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சலாமுங்க தொரை. ஆளுங்க எல்லாம் பெரட்டுக்கு வந்துட்டாங்க."

தினமும் காலையில் ஆட்களைப் பெரட்டில் நிறுத்தித் தோட்டத்துத் துரைக்குக் கணக்குச் சொன்ன கங்காணி அவர்; நக்கல் செய்கிறார் என்று நினைத்து நானும் நெஞ்சை நிமிர்த்தினேன். அவர் சிரிக்கவில்லை. சலாமுக்கு நீட்டிய அவர் கை மணிக்கட்டிலிருந்து தானாகப் படபடத்தது.

லொறியில் ஏற்றி ஹட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னோம். மாமாவின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"குடலுக்குள்ள இருக்கிற கிருமியள் இறைச்சியிலயிருந்து ஒரு நஞ்சை உண்டாக்கும். நல்ல ஈரல் எண்டால் அதை வடிச்சுப்போடும். இவற்ற ஈரல் காய்ஞ்சு போச்சு. நஞ்சு நேரா மூளைக்குப் போகுது."

கிருமியை அடக்க மாத்திரை, வயிறு கழிய மருந்து. இறைச்சி, முட்டை, கருவாடு கூடாது. சில நாளில் மாமா கண்விழித்து, "எரும, எங்கடா என் வெத்தில?" என்றார். என் மனைவி அழுதாள். நானும்தான். எருமை என்று சொன்னதற்காக ஆனந்தக் கண்ணீர் விட்டவன் அந்தத் தோட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் காய்ந்த ஈரல் துளிர்க்காது, அதற்கு மருந்தில்லை என்று டாக்டர் சொல்லியே அனுப்பினார். கஞ்சியும் பூசணிக்காயுமாகக் காலம் போனது. இருந்தும் வெளிக்குப் போகாமல் வயிறு கட்டினால் போதும், மாமா கண்ணுக்கு நான் துரையாகிவிடுவேன். ஆசையாய்க் கருவாடு கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். மாமனைப் பட்டினி போடுகிறான் என்று லயத்தில் பேச்சு. மாமாவும் கெஞ்சுவார்: "ஒரு துண்டு கருவாடு குடுங்க தொரை." எந்தத் துரையும் அப்படி விழித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டான்.

கோட்டைப் பார்த்துத்தான் குழம்புகிறாரோ என்று, குளிரில் வாசலிலேயே அதைக் கழற்றிவிட்டுப் போக ஆரம்பித்தேன். ஒரு நாள் காலை வெறும் பனியனோடு போய், "மாமா, எரும வந்திருக்கேன்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தலையில் துண்டு இல்லை. இல்லாத துண்டை மெதுவாக அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.