மானியத்துக்கு ஒரு போட்டோ

சோலார் தகடு மாட்டுகிற தொழிலில் தகடு மாட்ட அரை நாள் போதும். அதற்கு மானியம் வாங்கத்தான் அரை வருஷம் ஆகும். ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள், நான் சொல்வது உங்களுக்குப் புதிதாக இருக்காது. நான் அஞ்சாவதுக்கு மேல் படிக்கவில்லை. சுரங்கத்தில் இருபது வருஷம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தேன். அது நின்ற பிறகு பண்ருட்டியில் ஒரு சோலார் கடையில் சேர்ந்தேன். கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்புக்குள் போகாது. வேலியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால், கரண்ட் தயாரிக்கிற ஆலையின் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே மெழுகுவத்திதான். அதனால் எங்கள் கடைக்கு ஆள் வரத்துக்குக் குறைவில்லை.

எதை அணைப்பீர்கள்?

தங்கராஜ் சார் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் மெக்கானிக். நாகர்கோவில் பக்கத்துக்காரர். முப்பது வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ரிட்டயர் ஆனதும் டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டி வந்தார். எத்தனை தகடு என்று முடிவுபண்ண, எந்த லைட் எவ்வளவு நேரம் எரியும், எந்த ஃபேன் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டேன். எல்லாம் எரியும், எல்லாம் ஓடும் என்றார். பகல் பதினோரு மணிக்கு வாசல் விளக்கு எரிந்தது. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடியது. குவார்ட்டர்ஸ்காரர்கள் பலரும் இப்படித்தான். சுவிட்ச் என்பது போடுவதற்கு மட்டும் என்று பழகியவர்கள்.

அவர் சொன்னபடி மாட்டினால் பக்கத்து வீட்டு மாடியையும் சேர்த்து வாங்க வேண்டும். தூங்கப் போகும்போது ஹால் விளக்கையாவது அணைக்கலாமே என்று மெதுவாகச் சொன்னேன். அவர் கேட்டார்: "அணைச்சா, வீட்டுல ஆள் இல்லன்னு நெனைக்க மாட்டாங்களாய்யா?"

ஒழுங்காக பில் கட்டுகிறவர்

மானியத்துக்கு, கரண்ட் கார்டு யார் பேரில் இருக்கிறதோ அவரே கையெழுத்துப் போட வேண்டும். கம்மாபுரத்தில் ஒரு விவசாயி வீட்டில் கார்டு அவருடைய அப்பா பேரில் இருந்தது. அப்பாவைக் கூப்பிடுங்கள் என்றேன். சுவரைக் காட்டினார். மாலை போட்ட படம் தொங்கியது.

பேரை மாற்றியிருக்கலாமே என்றேன். மாற்றப் போனால் அண்ணன் தம்பி நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், நாலு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்றார். நான் ஃபைலை மூடினேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே என்னைத் தேற்றினார்: "பன்னெண்டு வருஷமா அவரு பேருலதான் பில்லு கட்டிகினு வரோம், ஒரு நாள் லேட்டு இல்ல. உசுரோட இருந்தப்பகூட அவரு இவ்ளோ ஒழுங்கு கெடயாதுங்க."

காற்று மெத்தை

கலியமூர்த்தி, தங்கராஜ் சாரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆன வருஷமே பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மூன்று வருஷமாகப் படுக்கை. முதுகில் புண் வராமலிருக்க டாக்டர் காற்று மெத்தை எழுதிக் கொடுத்திருந்தார். சின்ன மோட்டார் ஒன்று அதற்குக் காற்றடித்துக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், மெத்தை சப்பையாகிவிடும். அப்போதெல்லாம் அவர் மனைவி அஞ்சலை தனியாளாக அவரைப் புரட்டிப் புரட்டிப் போடுவாள். அப்படியும் ஒரு புண் வந்துவிட்டது. அதற்காகத்தான் தகடும் பேட்டரியும்.

நகையை அடகு வைத்து முக்கால்வாசிப் பணம் கட்டியிருந்தாள். மீதி மானியத்தில் வர வேண்டும். வராவிட்டால் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்துவிடு என்று முதலாளி என்னிடம் சொல்லியிருந்தார். மாட்டுகிற அன்றே அதை அஞ்சலையிடம் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "கழட்ட வர்றப்ப மட்டும், கரண்ட் இருக்கற நேரமா பாத்து வாங்கண்ணே" என்றாள்.

படிக்காதவன் யோசனை

எல்லாக் காகிதமும் சேர்ந்த பிறகு கடைசியாக ஒரு போட்டோ வேண்டும். மாட்டின தகட்டுக்குப் பக்கத்தில் மனுதாரர் இருக்க வேண்டும். கலியமூர்த்தி வீட்டுக்கோ படிக்கட்டே கிடையாது. மேல்மாடி கட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். நானே மூங்கில் ஏணியில்தான் ஏறினேன். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ரிட்டயர்மென்ட் அன்று மாலையும் கழுத்துமாக எடுத்த அவருடைய படம் சட்டம் போட்டு வீட்டில் இருந்தது. அஞ்சலையை ஏணியில் ஏற்றி, அந்தப் படத்தைக் கையில் கொடுத்து, தகட்டுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்து அனுப்பினேன்.

ஃபைல் திரும்பி வந்தது. மனுதாரர் இறந்துவிட்டதால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணைக்கவும் என்று எழுதியிருப்பதாக முதலாளி படித்துச் சொன்னார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் அஞ்சலையிடம் சொன்னேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். மெத்தை மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் கேட்டாள்: "அவரு மூச்சு வுடறது போட்டோல தெரியற மாதிரி எடுக்க முடியுமாண்ணே?"

செயின் பிளாக்

விஷயம் தங்கராஜ் சாருக்கு எட்டியது. மறுநாள் காலையில் பழைய ஷிப்ட் ஆட்கள் நாலு பேரோடு வந்துவிட்டார். கனமான சவுக்குக் கம்புகள், கயிறு, மோட்டாரைத் தூக்குகிற செயின் பிளாக் எல்லாம் வந்தன. ஐந்து பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். மாடி ஓரத்தில் கம்புகளைக் கட்டி, ஒன்றை வெளியே நீட்டி, பின்பக்கம் மணல் மூட்டை அடுக்கினார்கள். இரும்பு நாற்காலியைச் சங்கிலியில் மாட்டி, முதலில் தங்கராஜ் சாரே உட்கார்ந்து மேலே போய்க் கீழே வந்தார். பிறகு கலியமூர்த்தியைப் பெட்ஷீட்டால் நாற்காலியோடு கட்டினார்கள். விசில் கொடுத்து, சங்கிலியைக் கண்ணி கண்ணியாக இழுத்தார்கள். அஞ்சலை நாற்காலிக் காலைப் பிடித்தபடி நின்றாள். கை எட்டுகிற மட்டும் பிடித்திருந்தாள், பிறகு விட்டாள். பேட்டரிக்காக ஒரு மனுஷனை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டோமே என்றுதான் நினைத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. தகட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியை இறக்கிவைத்து, செல்போனில் நாலு படம் எடுத்தேன். வெயில் ஏறுகிறது, இறக்கிவிடலாம் என்றார் தங்கராஜ் சார். கலியமூர்த்திக்குப் பேச்சு குழறும். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் விளங்கியது: "இருடா. மூணு வருஷமா ஃபேனத்தான் பாத்துகினு கெடக்கேன்."

இன்னொரு படம்

ஃபைல் பாஸானது. மானியம் கடைக்கு வந்து சேர்ந்தது. பேட்டரியை இனி யாரும் கழற்ற வரமாட்டார்கள் என்று சொல்வதற்காகவே பண்ருட்டியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். கரண்ட் இல்லாத நேரம், மெத்தை உப்பலாக இருந்தது. அஞ்சலை டீ கொடுத்தாள். நான் சொன்னதைக் கேட்டு நிம்மதியாகத்தான் இருந்தாள். ஆனால் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்: "இத அவருகிட்ட இப்ப சொல்லாதீங்கண்ணே. ஆபீஸ்ல இன்னொரு போட்டோ கேட்டாங்களான்னு தெனம் கேட்டுகினு இருக்காரு."

இத்தனை வருஷத்தில், ஃபைல் திரும்பி வரவேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே மனுதாரர் அவர்தான்.