மூலை அலமாரி மூடாது

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் "கனவு கண்டிருப்பே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை என் மாமா, அக்காவின் கணவர், தேவைக்கு மேலேயே சொல்லிவிட்டார். இது எனக்கு நடந்தது. அதுவும் நடுராத்திரியில் இல்லை. எதிர் மாடியில் யாரோ ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்த ஒரு பட்டப்பகலில்.

அக்கா அந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் மகளுக்கு ஒன்றரை வயது. நாங்கள் வாண்டு என்று கூப்பிடுவோம். கதவு என்று ஒன்று இருந்தால் திறப்பாள். உள்ளே இடம் இருந்தால் புகுந்துகொள்வாள். ஒருநாள் தரை துடைக்கும் மருந்துப் புட்டியை வாயருகே கொண்டுபோய்விட்டாள். அன்றே அக்கா எல்லா அலமாரிகளுக்கும் இழுப்பறைகளுக்கும் காந்தப் பூட்டு வாங்கினாள். அது கதவின் உட்புறம் இருக்கும். கதவைத் தள்ளினால் 'டக்' என்று தானே பூட்டிக்கொள்ளும். திறக்க வேண்டுமென்றால் வெளியே சரியான இடத்தில் காந்தச் சாவியை வைக்க வேண்டும்.

மாட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. கல்லூரி விடுமுறை. வீட்டில் சும்மா இருப்பவள் நான்தான். மாமா ஆணி அடித்தால் அது அவர் விரலில்தான் இறங்கும். நான் படித்துக்கொண்டிருந்த நாவலில் ஒரு சாரட் வண்டி பனிப்புயலில் வழிதவறி நின்றது. நான் முட்டி போட்டுப் பூட்டு ஒட்டிக்கொண்டிருந்ததால் இரண்டு நாளாக அது அங்கேயே நின்றது.

எல்லாம் பூட்டியது. சமையலறை மூலையில் இருந்த கீழ் அலமாரியைத் தவிர.

ராத்திரி மூடிவிட்டுப் படுப்பேன். காலையில் ஒரு சாண் திறந்திருக்கும்.

"ஒழுங்கா ஒட்டினியாடி?"

"ஒட்டினேன்க்கா."

"ஒரு கண்ணு புத்தகத்துல, ஒரு கண்ணு பூட்டுல வெச்சு ஒட்டியிருப்பே."

"விடு, அந்த அலமாரிக்கு உன்னைப் பிடிக்கல" என்றார் மாமா.

பசையை மாற்றினேன். திறந்திருந்தது. புதுப் பூட்டு போட்டேன். திறந்திருந்தது. கடைசியில் திருகாணியே போட்டு முடுக்கினேன். அப்போதுதான் பார்த்தேன். நான் துளை போடும் இடத்திலேயே பழைய துளைகள். மக்கு வைத்து அடைத்து மேலே வண்ணம் பூசியிருந்தார்கள். எனக்கு முன்னாலும் யாரோ இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை... ஒரு சாண்.

பூட்டு உடையவில்லை. திருகாணி தளரவில்லை. சாவி குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்த இடத்திலேயே இருந்தது.

அக்கா செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள். "ஒரு கதவை மூடத் தெரியல. உன்னை நம்பி எப்படிக் குழந்தைய விட்டுட்டுப் போறது? நாளையிலேருந்து காப்பகத்துல சேர்த்துடறேன்."

சுருக்கென்றது. வாண்டைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் அங்கே வந்ததே.

மத்தியானம் இரண்டு மணி. வாண்டு கூடத்தில் மெத்தை மேல் தூங்கினாள். நான் புத்தகத்தை எடுத்தேன்.

'டக்.'

போய்ப் பார்த்தேன். மூலை அலமாரி திறந்திருந்தது. அறைந்து மூடினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

'டக்.'

எரிச்சல் தலைக்கேறியது. கூடத்தில் டிவிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து, பெட்டி ஒட்டும் அகல டேப்பை எடுத்தேன். மூலை அலமாரியின் கைப்பிடியைச் சுற்றி இழுத்து ஒட்டினேன். குறுக்கே, நெடுக்கே, மறுபடி குறுக்கே. "இப்போ திற பாக்கலாம்" என்று வாய்விட்டே சொன்னேன்.

சத்தமே இல்லை.

அங்கேயே சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து படித்தேன். சாரட் வண்டி நகர்ந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிமிர்ந்தபோது மணி மூன்று.

கூடத்துக்கு வந்தேன். மெத்தையில் போர்வை குவிந்து கிடந்தது. போர்வை மட்டும்.

"வாண்டு?"

கட்டிலடி. குளியலறை. திரைச்சீலைக்குப் பின்னால். வாசல் கதவு தாழிட்டபடி இருந்தது. மறுபடி கட்டிலடி.

அப்போது கேட்டது.

தட் தட்...

தட்.

சமையலறையிலிருந்து. மூலை அலமாரிக்குள்ளிருந்து. சின்னக் கை தட்டுகிற சத்தம்.

கத்தியால் டேப்பைக் கிழித்தேன். சாவியை வைத்தேன். திறந்தேன்.

காலி.

இரண்டு பழைய சட்டிகள். வேறு ஒன்றும் இல்லை...

எனக்குப் பின்னால், கூடத்தில்...

'டக்.'

டிவி அலமாரியின் கதவு மெல்லத் திறந்தது. உள்ளே வாண்டு. உடம்பெல்லாம் வியர்வை. உதடு வெளுத்து, அழக்கூடத் தெம்பில்லாமல்.

சாவி என் கையில் இருந்தது.

டேப்பை எடுத்த அவசரத்தில் நான் டிவி அலமாரியை மூடவில்லை. அவள் எழுந்து உள்ளே புகுந்து கதவை இழுத்துக்கொண்டிருக்கிறாள். அது தானே பூட்டிக்கொண்டது. நான் வீடு முழுக்கத் தேடினேன். பூட்டியிருந்த அலமாரிகளை மட்டும் பார்க்கவில்லை. பூட்டித்தானே இருக்கிறது என்று.

அக்காவிடம் குழந்தை உள்ளே போனதைச் சொன்னேன். அழுதேன். தட்டிய சத்தத்தைச் சொல்லவில்லை. மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. எல்லாப் பூட்டையும் கழற்றச் சொல்லித் தச்சரை வரவழைத்தாள். அவர் மூலை அலமாரியைப் பார்த்ததும் கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுலயா மறுபடி பூட்டு போட்டீங்க?"

"ஏன்?" என்றாள் அக்கா.

"முன்னாடி இருந்தவங்களுக்கு நான்தான்மா போட்டுக் குடுத்தேன். அவங்க பையன் உள்ள போய்க் கதவை இழுத்துக்கிட்டான். மாடி, தெரு, தண்ணித் தொட்டி எல்லாம் தேடினாங்க. இது பூட்டியிருக்குதேன்னு இதை மட்டும் விட்டுட்டாங்க."

அக்கா வாண்டை இறுக்கிக்கொண்டாள்.

"கீழ் வீட்டம்மாவுக்கு சத்தம் கேட்டிருக்கு. ஏதோ மர வேலை நடக்குதுன்னு நெனச்சுட்டாங்க பாவம்."

அவர் மூலை அலமாரியின் கதவையே கழற்றித் தரையில் சாய்த்து வைத்தார்.

"என்ன சத்தம்?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து, அந்தக் கதவின் மேல் விரலை மடக்கித் தட்டிக் காட்டினார்.

தட் தட்...

கையை எடுத்தார். "கொஞ்சம் விட்டு, இன்னும் ஒண்ணு" என்றார்.

தட்.

அது கதவில்லாத அலமாரிக்குள்ளிருந்து வந்தது.