படத்தைக் கெடுக்கத் தெரிந்த அக்கா

வெளிச்சத்தைக் கெடுப்பதில் இந்தப் பூமியில் என் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. சூரியன் சாயங்காலம் எங்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “இவ்வளவு மங்கினால் போதுமா, இன்னும் கொஞ்சம் வேண்டுமா” என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறது. நிலாவில் இருக்கும் கறை, அவள் சின்ன வயதில் கை பழகியது. ஒருமுறை கிரகணம் சரியாகப் பிடிக்கவில்லை என்று வானத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த கிரகணம் ஒழுங்காக வந்தது.

மற்றபடி அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஆட்கள் தேர்ந்தெடுக்கும் பிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸை வெட்டி, ஓரம் அரைத்துப் பொருத்திக் கொடுப்பாள். அரைத்த தூள் நகக்கண்ணில் ஏறி, சாப்பிடும்போதுகூட மின்னும். ஊரெல்லாம் தெளிவாகப் பார்க்கப் பகல் முழுக்க உழைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நல்ல மானிட்டர் ஒன்றை மங்கலாக்க உட்கார்ந்துவிடுவாள்.

விஷயம் இதுதான். முதுகு புடைத்த பழைய டப்பா டிவி ஞாபகம் இருக்கிறதல்லவா, பிக்சர் டியூப் வைத்தது? அந்தக் காலத்து வீடியோ கேம்களை அதற்காகத்தான் வரைந்தார்கள். இன்றைய தட்டை மானிட்டரில் அவற்றை ஓட்டினால் வீரன் செங்கல் அடுக்கியதுபோல நிற்பான். அக்காவுக்குப் பிடித்த கேமில் ஓர் அருவி வரும். ஒரு கோடு நீலம், ஒரு கோடு காலி, மறுபடி நீலம் என்றுதான் வரைந்திருப்பார்கள். டப்பாவில் அந்தக் கோடுகள் ஒன்றில் ஒன்று கரைந்து, பின்னாலுள்ள பாறை தெரிகிற தண்ணீராகிவிடும். தட்டையில் அது சீப்பு. வீரன் ஒரு பெரிய சீப்புக்குப் பின்னால் நடந்துபோவான்.

தட்டை மானிட்டரை டப்பா என்று நம்பவைக்கும் ஃபில்டரைத்தான் அக்கா எழுதினாள். படத்துக்குக் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள், ஓரங்களில் லேசான வளைவு, ஒரு புள்ளியின் வெளிச்சம் பக்கத்துப் புள்ளிமேல் வழிவது, எல்லாம் அதில் உண்டு. கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து, எங்கள் டப்பாவின் முகத்தில் முகத்தை ஒட்டிக்கொண்டு சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளை வேவு பார்ப்பாள். டியூப் இழுத்து அவள் நெற்றி முடியெல்லாம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அம்மா அதைப் பார்த்து, “பொண்ணு பாக்க வர்றவங்க இந்தக் கோலத்தைப் பாத்தா வாசலோட திரும்பிடுவாங்க” என்பாள்.

இந்த வேலையில் ‘கண்’ நான்தான். அட்டைப்பெட்டியில் இரண்டு ஜன்னல் வெட்டி, ஒன்றுக்குப் பின்னால் டப்பாவும் மற்றதற்குப் பின்னால் தட்டையும் வைப்பாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து எது நிஜம் என்று சொல்ல வேண்டும். நான் ஏமாறுகிற அன்று அவள் ஜெயித்தாள். பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்டதிலிருந்து, இந்த வீட்டில் யாராவது என்னைக் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது அந்த ஸ்டூலில் மட்டும்தான்.

அதை நானே கெடுத்துக்கொண்டேன். ஒரு சாயங்காலம் கடையில் யாரிடமோ திட்டு வாங்கி, முகம் தொங்கிப்போய் வந்தாள். அன்றைக்கு ஃபில்டரும் சொதப்பல். போகிற போக்கில் பார்த்தாலே பொய் என்று தெரிந்தது. நான் பொய்யைக் காட்டி, “இதான் நிஜம்” என்றேன். துள்ளிக் குதித்தாள். பிறகு அட்டையை எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தாள்.

“வேணும்னேதானே மாத்திச் சொன்னே?”

ஆமாம் என்று சிரித்தேன். வேறென்ன சொல்வது? உன் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றா? அதற்கு முந்தின வாரம்தான் மானிட்டரில் பேனாவால் முடி மாதிரி ஒரு கோடு போட்டு, அதை அவள் சாயங்காலம் முழுக்க ஃபில்டருக்குள் தேடும்படி செய்திருந்தேன். என் பெயர் அப்படி.

“உன் கண்ணை நம்பி இனி புண்ணியமில்லடா,” என்றாள்.

மறுநாள் நாலாவது வரி வந்தார்.

அவர் அக்காவின் கடையில் கண் பரிசோதிக்கிறவர். “நாலாவது வரியைப் படிங்க” என்று நாள் பூராவும் சொல்கிற ஆளுக்கு நான் வேறு என்ன பெயர் வைப்பது? மடிப்புக் கலையாத சட்டை, மென்மையான குரல். அம்மா என்னிடமிருந்து ஒளித்து வைத்திருந்த பிஸ்கட்டெல்லாம் தட்டில் ஏறியது. விரிசல் இல்லாத டீ கப் வெளியே வந்தது.

“எடுத்துக்குங்க தம்பி. கண்ணு பாக்கறவர் கண்ணு எப்படி இருக்கும்! இவனும்தான் இருக்கானே.”

என் ஸ்டூலில் உட்கார்ந்து, என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு, என் அக்காவிடம், “இந்த எழுத்து ஓரத்துல லேசா ரெண்டா தெரியுது பாருங்க. சரி பண்ணிடலாமே,” என்பார். அவள் சரி செய்வாள். “இந்த அருவிகிட்ட கொஞ்சம் மங்கலா இருக்கே.” மங்கலை எடுப்பாள். மங்கலைப் போக்குவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவரைப் பிடித்து மங்கலுக்கு நடுவராக உட்காரவைத்தால் வேறென்ன ஆகும்? படம் நாளுக்கு நாள் ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாகிக்கொண்டே வந்தது. அருவியில் சீப்பின் பல் மறுபடி முளைத்தது. அக்காவுக்கு அது தெரியவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதால் அவள் கண் பழகிப்போயிருந்தது. எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. மூழ்கட்டும் என்று இருந்தேன்.

அப்போதுதான் கேம் சென்டர் முதலாளி வந்து சேர்ந்தார். அவர் கடையிலுள்ள பழைய மெஷின்களில் டியூப்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தன. ஒன்றில் மட்டும் தட்டை மானிட்டரை மாட்டி, அக்காவின் ஃபில்டரைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை தன் பழைய வாடிக்கையாளர்களை விளையாடவிடுவதாகச் சொன்னார். அவர்கள் ஏற்றுக்கொண்டால் எல்லா மெஷினிலும் அதுதான். கேம் தொடங்கும்போது திரையில் பெயர்கூட வரும்.

“என்ன போடப்போறே?” என்று கேட்டேன்.

“படம்னு என் பேரு. கண்ணுன்னு சார் பேரு.”

“ஓகோ. சாருக்கு மூக்கு, காதெல்லாம் வேண்டாமா?”

“போடா வாலு,” என்று திரும்பிக்கொண்டாள்.

கண் என்ற இடத்தில் அவர் பெயர். ஊரில் உள்ளவனெல்லாம் காசு போட்டதும் முதலில் அதைத்தான் படிப்பான். சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் இருவரும் கடையில் இருக்கும்போது கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

என் திட்டம் எளிமையானது. ஃபில்டரில் ஒவ்வொரு மூலைக்கும் தனியாக, ஒவ்வொரு நிறத்தையும் தள்ளிவைக்க ஸ்லைடர் உண்டு. சிவப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். வீரனுக்குப் பக்கத்தில் சிவப்பாக இன்னொரு வீரன் கிளம்பினான். நன்றாக இருந்தது. நாளைக்கு எல்லார் முன்னாலும் நாலாவது வரியின் கண் கிழிபடும்.

ஆனால் படம் அசிங்கமாக இருந்தது. அது நாலாவது வரியின் படமாகத் தெரியவில்லை. அக்காவின் படமாகத்தான் தெரிந்தது. ஸ்லைடரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன். இன்னும் கொஞ்சம். கீழே வலது மூலையில் மட்டும் சிவப்பு ஒரு நூலளவு விலகி நின்றபோது கை தானாக நின்றது. எங்கள் டப்பாவிலும் மூலையில் நிறம் அப்படித்தான் விலகும். பச்சையை அதற்கு எதிர்ப்பக்கம் மயிரிழை நகர்த்தினேன். அவர் பிடுங்கிய மங்கலைத் திருப்பிப் போட்டேன். சீப்பு கரைந்து, பாறைமேல் தண்ணீர் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, ‘மூலை ரெண்டாகத் தெரிகிறது, மங்கலாகவும் இருக்கிறது, அவரைக் கவிழ்க்க இதுவே போதும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பதிவு செய்தேன்.

ஞாயிறு. அம்மா உட்பட எல்லாரும் கேம் சென்டருக்குப் போனோம். நிஜ டியூப் மெஷினும் புது மெஷினும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கேம் சென்டரின் மிகப் பழைய வாடிக்கையாளர் ஒரு பஸ் டிரைவர். முதலாளியே அவருக்கு எழுந்து வழிவிடுவார். அவர் இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் விளையாடினார். அருவி வந்தது. வீரனை நடத்தாமல் அதன் முன்னால் நிறுத்தினார்.

“எது புதுசுன்னு சொல்லுங்க பாக்கலாம்,” என்றார் முதலாளி.

டிரைவர் நிஜ டியூப் மெஷினின் தலையில் தட்டினார். “இதான் புதுசு. என்னையா ஏமாத்தறே? கலர் கலையற அழகு அந்தப் பொட்டியிலதான் இருக்கு.”

முதலாளி சிரித்த சிரிப்பில் காசு மாற்ற வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நேராக வந்து நாலாவது வரியின் கையைப் பிடித்துக்கொண்டார். “கண்ணுன்னா இது சார் கண்ணு.”

“இல்லைங்க,” என்றார் அவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. “எனக்கு அந்த மூலையில ரெண்டாத்தான் தெரியுது. நான் பாத்திருந்தா விட்டிருக்க மாட்டேன்.”

“பாருங்க, எவ்வளவு அடக்கம்,” என்று அம்மா உருகினாள்.

அந்த மனிதர் உண்மையைத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. மனதார வெறுக்கவாவது இடம் கொடுக்கிறாரா? நான் செய்ததற்கு அவருக்கு மாலை போடாத குறை. வாயைத் திறந்தால் நான் திருடன், மூடினால் அவர் மேதை. முதலாளி வாங்கிக் கொடுத்த சோடாவைக் குடித்து முடித்தேன். அக்கா மட்டும் டிரைவரை நகரச் சொல்லிவிட்டுத் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். நான் அந்தப் பக்கமாகச் சும்மா போனேன்.

“டேய், அந்த முதலாளி போன் பண்ணினார். சிவப்பு விலகறது மேல இடது மூலையில இருந்தா நல்லா இருக்குமாம். மாத்திட்டிருக்கேன்.”

“அவருக்கு என்ன தெரியும்?”

“காசு போடறவர் சொல்றார். கீழ இருந்தா என்ன, மேல இருந்தா என்ன?”

“என்னவா? மேல இடதுலதான் எத்தனை உயிர் மிச்சம்னு நம்பர் வருது. அதுல விலகினா மூணு எது, எட்டு எதுன்னே தெரியாது. கீழ வலதுல வெறும் தரைதான். அதனாலதானே நான்—”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா நாற்காலியோடு மெல்லத் திரும்பினாள். முதலாளி போன் பண்ணவே இல்லை என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துபோயிற்று.

“ம், சொல்லு. அதனாலதானே நீ?”

சுவரைப் பார்த்தேன். அதில் உதவிக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“சிவப்பைத் தள்ளியிருக்கே, பச்சையைத் தள்ளியிருக்கே,” என்றாள், ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தபடி. “நீலத்தை மட்டும் ஏன்டா தொடாம விட்டே?”