இருபத்து நான்கு பெட்டிகளும் ஒரு மறுபூஜையும்

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டுப் பித்தளைச் சாமான்கள் இரவல் போயின. குத்துவிளக்கு இரண்டு, தாம்பாளம் இரண்டு, மணி ஒன்று, தூபக்கால் ஒன்று, கற்பூரத்தட்டு ஒன்று. மொத்தம் ஏழு உருப்படி. ஏழும் ஏழாகத் திரும்ப வேண்டுமே என்ற கவலையில் நானும் கூடவே போனேன். கேட்டது என் மருமகளின் கம்பெனி. அவளுடைய முதலாளிக்குப் பூஜை செய்வதில் உள்ள ஆர்வம் பூஜைச் சாமான் வாங்குவதில் கிடையாது.

கம்பெனி ஒத்தக்கடையில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. பள்ளிகளும் கல்லூரிகளும் இணையத்தில் விண்ணப்பம் வாங்குகின்றன அல்லவா, அதற்கான சர்வர்கள் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் தொழில். சர்வர் அங்கே இல்லை. வேறு எந்த ஊரிலோ ஒரு குளிர் அறையில் இருக்கிறதாம். ஒத்தக்கடையில் இருப்பது அதன் உடல்நிலையைப் பற்றிய சேதி மட்டும். அது சுவரில் ஒரு பெரிய திரையில் நாள் முழுக்க ஓடும். டாஷ்போர்டு என்கிறார்கள். கல்லூரியில் முப்பது வருடம் புள்ளியியல் நடத்தியவன் நான், கண்டதும் எண்ணிவிட்டேன். வரிசைக்கு ஆறாக இருபத்து நான்கு பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் எண், ஒரு கோடு, வலது மேல் மூலையில் ஒரு வட்ட விளக்கு. விளக்கு பச்சையென்றால் நலம், மஞ்சளென்றால் கவனம், சிவப்பென்றால் ஆபத்து.

முதலாளிக்கு அந்தத் திரைமேல் உயிர். அவருடைய அப்பா சிம்மக்கல்லில் பழ மண்டி வைத்திருந்தவர். பெட்டியில் மேல் அடுக்கு பளபளவென்று இருந்தால் போதும், கீழ் அடுக்கு வாங்கியவன் பாடு என்ற தொழில்நெறி ரத்தத்தில் ஊறியிருந்தது. யார் வந்தாலும் கையைப் பிடித்துத் திரை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். "பாருங்க, எல்லாம் பச்சை" என்பார். இத்தனை வருடத்தில் எந்தப் பெட்டி எதைச் சொல்கிறது என்று அவர் ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பச்சையின் அழகு குறைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

மருமகள் அங்கே ஒப்பந்த வேலையில் இருந்தாள். நான்கு பையன்களுக்கு அவள்தான் தலைமை. நிரந்தரம் மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அந்த வருடம் பல கிளைகள் உள்ள ஒரு பள்ளி புதிதாக இவர்களிடம் வந்திருந்தது. விஜயதசமி அன்று காலை ஒன்பது மணிக்கு அதன் சேர்க்கை திறக்கும். நல்ல நாளில் பிள்ளையைச் சேர்த்துவிட வேண்டும் என்று சுற்றுவட்டாரம் முழுவதும் ஒரே நேரத்தில் கைபேசியை அமுக்கும். "இது நல்லபடியா முடிஞ்சா நீ பெர்மனென்ட். சொதப்புனா மாசக் கடைசியோட கணக்கு முடிச்சுக்குவோம்" என்று முதலாளி சொல்லியிருந்தார். முடித்துக்கொண்டால் அவளுக்கு அடுத்த வேலை பெங்களூரில்தான். வீட்டில் நானும் என் மகனும் மிஞ்சுவோம். அவன் வைக்கும் ரசத்தை நான் சாப்பிட்டிருக்கிறேன். ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலை வகிக்கவில்லை.

பூஜையன்று முதலாளி ஓர் உத்தரவு போட்டார். எல்லா லேப்டாப்பையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்க வேண்டும். மறுநாள் மறுபூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும்.

"சார், நாளைக்கு ஒம்போது மணிக்கு ஸ்கூல் அட்மிஷன் தொறக்குது. லேப்டாப் இல்லாம எதை வச்சுப் பாக்க?" என்றாள் மருமகள்.

"ஏம்மா, செவுத்துல இம்புட்டுப் பெருசா ஓடுதே, அது பத்தாதா? மறுபூஜை பத்தரைக்கு. அதுக்குள்ள என்ன குடி முழுகிரும்?"

"அண்ணே, அப்பச் சர்வரையும் நிப்பாட்டிச் சாமிகிட்ட வச்சிருவமா?" என்றான் பையன்களில் ஒருவன், சிரிக்காமல்.

முதலாளி அதை ஒரு கணம் உண்மையாகவே யோசித்தார். மருமகள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம், வேணாம்" என்றார்.

பிறகு சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு ஒரு ஸ்டூலில் ஏறி டாஷ்போர்டுக்குப் பொட்டு வைக்கப் போனார். எங்கே வைப்பது என்று தயங்கினார். கண் அந்த வட்ட விளக்குகளில் நின்றது.

"இந்தா, வட்டமா எடம் அவனே விட்டுருக்கான். இதான் நெத்தி."

"சார், அது லைட்டு! மறைஞ்சிரும்!"

"இப்பப் பச்சையாத்தான இருக்கு? பச்சையா இருக்குறது பொட்டுக்குக் கீழயும் பச்சையாத்தாம்மா இருக்கும்."

மூன்று பொட்டோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். பக்தி பெருகிவிட்டது. இருபத்து நான்கையும் வைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

தீபாராதனையின்போது பையன்களின் கைபேசிகள் ஒரே குரலில் அலறின. சர்வருக்கு ஏதாவது என்றால் அடிக்கும் அலாரம் அது. அன்று சும்மா ஒரு சின்ன எச்சரிக்கைதான். "எவன்டா அவன், சாமி நேரத்துல ஒப்பாரி வைக்கிறது?" என்று முதலாளி உறுமினார். ஒருவன் ஓடிப்போய் ஒட்டுமொத்த அலாரத்தையும் அடக்கிவிட்டு வந்தான். பூஜை முடிந்ததும் சுண்டல் வந்தது. பொரி வந்தது. அலாரத்தைத் திரும்பத் திறக்கும் ஞாபகம் யாருக்கும் வரவில்லை.

மறுநாள் காலை சாமான்களைத் திரும்ப வாங்கிவரப் போனேன். மறுபூஜை முடியாமல் விளக்கைத் தர முடியாது என்று உட்காரவைத்துவிட்டார்கள். பள்ளியின் நிர்வாக அதிகாரி ஓர் இனிப்புப் பெட்டியுடன் வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, அதிகம் பேசாதவர். முதலாளி அவரையும் திரை முன்னால் நிறுத்தினார். மருமகள் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு எண்கள் ஏறின. சர்வரின் உழைப்பைக் காட்டும் பெட்டியில் எண் எழுபதைத் தொட்டது. சற்று நேரத்தில் சறுக்கி ஐந்துக்கு வந்து நின்றது.

"பாத்தீகளா மேடம்! இம்புட்டுக் கூட்டத்துலயும் அலுங்காம நிக்குது" என்றார் முதலாளி.

நானும் மனதுக்குள் ஆமோதித்தேன். தினமும் ஆறு தடவை ரத்த அழுத்தம் பார்ப்பவன் நான். இறங்கினால் நல்லது என்பதுதான் எனக்குப் பழக்கம்.

மருமகள் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சார், இது கொறையக் கூடாது. வாசல்ல கூட்டம் முண்டுது, உள்ள கவுண்டர சாத்திட்டாக. நம்ம என்னடான்னா கவுண்டர்ல கூட்டமே இல்லன்னு சந்தோசப்பட்டுக்கிட்டு நிக்கிறோம்."

"நல்ல நாளும் அதுவுமா ஏம்மா அபசகுனமாப் பேசுற?"

அப்போது பள்ளியிலிருந்து வந்த அந்த அம்மாளின் கைபேசி அடித்தது. பேசி வைத்தார். மறுபடி அடித்தது. நான்காவது அழைப்புக்குப் பிறகு, "சார், போனுல சக்கரம் சுத்திக்கிட்டே இருக்காம், ஒருத்தருக்கும் போகலையாம். எங்க கேட்டுல வந்து சண்டை போடுறாக. என் தங்கச்சி பேத்திக்கே போட முடியல" என்றார்.

"அவுக போனுல நெட்டு சரியில்லாம இருக்கும் மேடம். எங்க பக்கம் எல்லாம் பச்சை" என்றார் முதலாளி, சிவந்த இருபத்து நான்கு பொட்டுகளைக் காட்டி.

மருமகள் உள்ளே போய்த் தண்ணீரில் நனைத்த துணியோடு வந்தாள்.

"ஏய், என்னம்மா செய்யிற? மறுபூஜை முடியாமப் பொட்ட அழிச்சா ஆகாதும்மா! இன்னும் ஒரு மணி நேரம்தான்! சொல்லிட்டேன், அப்புறம் இந்த வேலை உனக்கு இல்ல!"

அவள் ஸ்டூலில் ஏறினாள். முதல் பெட்டியைத் துடைத்தாள். கீழே சிவப்பு. அடுத்ததைத் துடைத்தாள். அதுவும் சிவப்பு.

"குங்குமம் போகலம்மா, இன்னும் நல்லா அழுத்தித் தொடை" என்றார் முதலாளி. எப்படியும் அழித்தாயிற்று, சுத்தமாகவாவது அழியட்டும் என்ற எண்ணம் போலிருக்கிறது.

"சார், இது குங்குமம் இல்ல."

எல்லாவற்றையும் துடைத்து முடித்தபோது எண்ணினேன். சிவப்பு ஒன்பது, மஞ்சள் நான்கு, பச்சை பதினொன்று. சேமிக்க நிறைய இடம் இருக்கிறது என்று சொல்லும் பெட்டிகள்தான் பசேலென்று இருந்தன. இருக்காதா பின்னே? சேமிக்கத்தான் ஒன்றும் வந்து சேரவில்லையே.

ஸ்டூலிலிருந்து குதித்தவள் நேராகச் சாமி படத்துக்குப் போனாள். ஐந்து லேப்டாப் அடுக்கில் அவளுடையது அடியில். மேலே வாழைப்பழம், தேங்காய் மூடி, ஒரு தட்டுப் பொரி.

"அக்கா, நீங்க உருவுங்க. சாமி குத்தம் வந்தா என் கணக்குல எழுதிக்கிருங்க" என்றான் முந்தின நாள் சிரிக்காமல் பேசிய பையன். உருவினாள். பொரி அறை முழுக்கச் சிதறியது. அதன் நடுவிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து தட்டத் தொடங்கினாள்.

"மாப்ள, அலாரம் இன்னும் அமுங்கித்தான்டா கெடக்கு!" என்றான் இன்னொரு பையன்.

"நீதானடா அமுக்குன?"

"சுண்டல் வந்துருச்சுல்லடா!"

விண்ணப்பம் வாங்கும் சர்வருக்கும் அதைச் சேமித்து வைக்கும் சர்வருக்கும் நடுவே குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் வழிகள் உண்டாம். சிக்கிக்கொண்ட விண்ணப்பங்கள் அத்தனை வழியையும் அடைத்துக்கொண்டு நின்றிருக்கின்றன. அவள் அவற்றை அறுத்துவிட்டு, வழிகளைக் கூட்டி, மறுபடி ஓடவிட்டாள். ஐந்தில் கிடந்த எண் இருபது, நாற்பது என்று ஏறியது.

"ஏறுதேம்மா!" என்று பதறினார் முதலாளி.

"ஏறணும் சார்."

அந்த அம்மாள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "பேத்திக்குப் போட்டாச்சாம்" என்றார். பிறகு முதலாளியிடம், "அடுத்த வருசம் உங்ககிட்டயே இருக்கலாமான்னு நான் போயி சொல்லணும் சார். இந்தப் பொண்ணு இருக்குமா?"

"என்ன மேடம் இப்பிடிக் கேட்டுட்டீக? நம்ம பெர்மனென்ட் ஸ்டாஃப்பு மேடம் அது!" கால் மணி நேரத்துக்கு முன்னால் போன வேலை.

மருமகள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சார், அத மேடம் இருக்கும்போதே எழுத்துல குடுத்துருங்க."

முதலாளி சொல்லச் சொல்ல ஒரு பையன் அடித்து, அச்செடுத்துக் கொடுத்தான். மருமகள் வாங்கிப் படித்தாள். ஒரு வரியில் நின்றாள். அதைச் சத்தமாக வாசித்தாள். "டாஷ்போர்டை எந்நேரமும் பச்சையாக வைத்திருப்பது இவர் பொறுப்பு."

"அதானம்மா வேலை?" என்றார் முதலாளி. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

அவள் என்னிடம் கையை நீட்டினாள். "மாமா, பேனா."

அந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள். சர்வர்களைப் பராமரிப்பது என்று மேலே எழுதினாள். "திருத்துன எடத்துலயும் ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

முதலாளி அந்த அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் இவரைப் பார்த்தார். இரண்டு இடத்திலும் கையெழுத்து விழுந்தது. "குடுங்க, சாட்சிக்கு நானும் ஒண்ணு போட்டுடுறேன்" என்று அந்த அம்மாள் தாளை இழுத்துக்கொண்டார்.

பேனா மூன்று கை மாறிவிட்டது. அது என் சட்டைப் பைக்குத் திரும்பும்வரை நான் அந்த மேசையை விட்டு நகரவில்லை.