அன்னம் மாற்றிய குத்துவிளக்கு

1. பார்க்க வருகிறவர்கள்

“வேலை ரொம்ப லேசும்மா. வெள்ளைக்காரன் பார்த்தா சிரிக்கணும். நம்மாளு பார்த்தா முறைக்கணும்” என்றார் முதலாளி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த தொழில் இவ்வளவுதான்.

மதுரையில் மாசி வீதி ஒன்றுக்குப் பின்னால், ஒரு சந்தில் இருந்தது அந்தப் பழம்பொருள் கடை. உள்ளே நேராக நடக்க முடியாது. பக்கவாட்டில்தான் நகர வேண்டும். ஓடாத சுவர்க் கடிகாரங்கள், ரசம் போன நிலைக்கண்ணாடிகள், கிராமபோன் குழாய்கள், பெல்ஜியம் ஜாடிகள், தேரிலிருந்து விழுந்ததாகச் சொல்லப்பட்ட மரக்குதிரையின் அரை உடம்பு, தரை முழுக்கப் பித்தளை. ஒன்றை எடுத்தால் மூன்று சரியும்.

நான் பி.யூ.சி. வரை படித்தவள். என் கணவர் மில்லில் பதிலித் தொழிலாளி. யாராவது லீவு போட்டால்தான் அவருக்கு வேலை. மகளுக்கு அப்போது பத்து மாதம். திருப்பரங்குன்றத்தில் மாமியாரிடம் அவளை விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். மதியமானால் மார் கனக்கத் தொடங்கும். பிள்ளை பசித்து அழுகிறாளோ, அழாமல் சுருண்டு படுத்திருக்கிறாளோ என்று மனம் அங்கேயே கிடக்கும். கோயில் பார்த்துவிட்டு வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் இங்கிலீஷில் பேசுவதற்காகத்தான் என்னை வைத்திருந்தார்கள். முதலாளி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “ஏம்மா பியூசி” என்பார்.

வெள்ளைக்காரர்கள் எதையும் தொடலாம், உட்காரலாம், அவர்களுக்குக் குடிக்க கலர் சோடா வாங்கித் தரப்படும். நம் ஊர்க்காரர்கள் பொருள் மேல் கை வைத்தால் அவருக்குப் பொறுக்காது. ஒரு முறை புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்து நிலைக்கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றது. “முகத்தைப் பார்த்தாச்சுல்ல மாப்ள, கிளம்புங்க. வீட்டுல கண்ணாடி இல்லையாக்கும்” என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டே வெளியேறினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏதாவது சொல்லியிருக்கலாமோ என்று பஸ் ஏறிய பிறகு யோசித்தேன். யோசித்து என்ன பயன்?

2. டின்னில் இருந்த அன்னங்கள்

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கஷ்டத்துக்குப் பித்தளையை விற்கிறவர்கள் குத்துவிளக்கை முழுதாக விற்க மாட்டார்கள். அடி, தண்டு, எண்ணெய்த் தட்டு எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியாகக் கொடுப்பார்கள். உச்சியில் இருக்கும் அன்னத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். விளக்கை விற்கவில்லை, பித்தளையைத்தான் போட்டோம் என்று மனசுக்கு ஒரு சமாதானம். வாங்குகிறவருக்கும் அதில் ஒரு சேதி இருக்கிறது: நாங்கள் திரும்பி வருவோம். நாணயமான கடைக்காரர்கள் அன்னம் இல்லாத விளக்கை அடுத்த தை மாதம் வரை விற்காமல் வைத்திருப்பார்கள். கொடுத்த விலையோடு வட்டி சேர்த்துக் கொடுத்தால் திருப்பித் தந்துவிடுவார்கள்.

எங்கள் முதலாளி கிராமங்களுக்குப் போய் வாங்கும்போது இந்த வழக்கத்தைத்தான் வாய் நிறையச் சொல்லுவார். கடைக்குள் வந்ததும் கதை வேறு. பழைய பிஸ்கட் டின் ஒன்றில் புது அன்னங்களைக் கொட்டி வைத்திருந்தார். அவனியாபுரத்தில் ஒரு வார்ப்புப் பட்டறையில் அவற்றை மொத்தமாகச் செய்து வாங்குவார். நானே இரண்டு முறை போய் எடுத்து வந்திருக்கிறேன். வாங்கி வந்த பழைய விளக்குகளோ கையால் மரை வெட்டியவை. ஒன்றின் அன்னம் இன்னொன்றில் ஏறாது. அதனால் புது அன்னத்தின் திருகில் நூலைச் சுற்றி, மெழுகைத் தடவி அழுத்திவிடுவார். பழசாகத் தெரிய மேலே கொஞ்சம் கறுப்பு பூசுவார். பிறகு நான் “நூற்றைம்பது வருஷத்துப் பொருள், ஒரே குடும்பத்தில் இருந்தது” என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

3. ஒரு கார்த்திகை மதியம்

முதலாளி சாப்பிடப் போயிருந்தார். வெளிநாட்டுத் தம்பதி ஒன்று குத்துவிளக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தனியாக வைத்துவிட்டு, ஜாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது ஒரு பெண் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும்.

“உள்ள வரலாமா தாயி?”

“வாங்க.”

அவள் பெயர் பேச்சியம்மாள். திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். துணிப்பையிலிருந்து ஓர் அன்னத்தை வெளியே எடுத்தாள். அலகு தேய்ந்த பித்தளை அன்னம்.

“இதோட விளக்கு இங்கதான் வந்துச்சு. கிணத்து மோட்டாரு எரிஞ்சுபோச்சுன்னு போன மாசியில போட்டோம். நானே தேடி எடுத்துக்கிறேன் தாயி, உனக்குச் சிரமம் வேணாம்.”

தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு விளக்காகப் பார்க்க ஆரம்பித்தாள். புது அன்னத்தைக் கழற்றுவாள். தன்னுடையதை வைத்துத் திருகுவாள். அரைச் சுற்றில் நின்றுவிடும். பழையபடி மாட்டிவிட்டு அடுத்ததுக்கு நகர்வாள். எதையும் தட்டவில்லை, உருட்டவில்லை. அந்தக் கடையில் அவ்வளவு பதமாகப் பொருளைத் தொட்டவர்களை நான் பார்த்ததில்லை. எனக்கோ வாசல் மேலேயே கண். அனுமதித்தது தப்போ, முதலாளி வரட்டும் என்று உட்கார வைத்திருக்க வேண்டுமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

முதலாளி வந்தார்.

“ஏம்மா, இது என்ன பொரிகடலைக் கடையா, ஒண்ணொண்ணா எடுத்துக் கொறிச்சுப் பார்க்க?”

பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். “அண்ணே, நீங்கதான எங்க ஊருக்கு வந்து வாங்கினீக? தை வரைக்கும் வச்சிருப்பேன்னு சொன்னீக. தையில மகளுக்குக் கல்யாணம். எங்கம்மா எனக்குக் கொடுத்த விளக்கு, அவளுக்குக் கொடுத்தனுப்பணும். காசு கொண்டாந்திருக்கேன், வட்டியோட.”

“அதெல்லாம் எப்பவோ கப்பல் ஏறிப்போச்சு.”

“இன்னும் தையே வரலையேண்ணே.”

“அம்புட்டு ஆசையா இருந்தா விக்காம இருந்திருக்கணும். இந்தக் காலத்துல மகளுக்குக் குத்துவிளக்கு எதுக்கு? ஒரு டியூப் லைட்டு வாங்கிக் கொடுத்து விடு, வெளிச்சமாவது வரும்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. கண்ணாடி முன்னால் நின்ற பெண்ணைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

மர அலமாரிக்குப் பின்னால் சாக்குச் சுற்றி இரண்டு விளக்குகள் இருந்தன. ஒரு பெரிய ஓட்டலுக்குப் பேசியிருந்த ஜோடி. சாயங்காலம் ஆள் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. தண்டில் துளை போட்டு வயர் இழுத்து எண்ணெய்த் தட்டில் பல்பு மாட்டப்போகிறார்கள் என்று முதலாளி பெருமையாகச் சொல்லியிருந்தார். திருமங்கலம் பக்கம் வாங்கியவை என்பதும் எனக்குத் தெரியும். சொன்னால் வேலை போகும். என் கணவருக்கு அந்த வாரம் ஒரு ஷிப்டுகூடக் கிடைக்கவில்லை. பிள்ளைக்கு இருமல். இத்தனையும் எனக்கு நினைவில் இருந்தது. இருந்தும் வாய் பேசிவிட்டது.

“அலமாரிக்குப் பின்னால ரெண்டு இருக்கும்மா. அதையும் பாருங்க.”

முதலாளி என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள் பேச்சியம்மாள் சாக்கை விலக்கிவிட்டாள். முதல் விளக்கில் ஏறவில்லை. இரண்டாவதில் புது அன்னத்தைப் பிடுங்கியபோது நூல் கொத்தாகக் கூடவே வந்தது. தன் அன்னத்தை வைத்துத் திருகினாள். தடையில்லாமல் இறங்கி, அலகு திரிமுனைக்கு நேராக வந்து நின்றது. அவள் அழவில்லை. தண்டைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை.

முதலாளி அருகில் வந்து பார்த்தார். அவர் குரலே மாறிவிட்டது.

“அட, ஒரிஜினல். இந்தா பாரும்மா, அந்த அன்னத்தை எங்கிட்டக் கொடுத்துரு. நல்ல விலை போட்டுத் தாரேன்.”

“நான் விளக்கைக் கேட்டு வந்தேன். நீங்க அன்னத்தையும் கேக்குறீகளே.”

“விளக்கு ஓட்டலுக்குப் பேசியாச்சு. அவுக கொடுக்கிற விலையை நீ கொடு, எடுத்துட்டுப் போ.” அவர் சொன்ன விலை, அவளுக்குக் கொடுத்ததைப் போலப் பத்து மடங்கு. பிறகு என் பக்கம் திரும்பினார். “பியூசி, நீயும் பொம்பளைதான. பேசி அன்னத்தை வாங்கு.”

“கொடுக்காதீங்கம்மா” என்றேன் அவளிடம்.

இதற்குள் அந்த வெளிநாட்டுப் பெண், கீழே கிடந்த நூல் சுற்றிய அன்னத்தைக் கையில் எடுத்து, இது என்ன என்று என்னிடம் கேட்டாள்.

“ரிப்பேர் பண்றோம்னு சொல்லு” என்றார் முதலாளி.

நான் இங்கிலீஷில் உள்ளதைச் சொன்னேன். இந்தத் தலை புதிது. அந்த உடம்பு இந்த அம்மாவுடையது. நீங்கள் எடுத்துவைத்திருக்கும் விளக்கின் தலையும் புதிதுதான், திருகிப் பாருங்கள். அவள் கணவன் திருகிப் பார்த்தான். இருவரும் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, எனக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். முதலாளிக்கு இங்கிலீஷ் பேச வராதே தவிர, நடந்தது புரியாமல் இல்லை.

“பால்குடி மறக்காத பிள்ளைய வச்சுக்கிட்டு இம்புட்டுத் திமிரா? நாளையிலிருந்து வராத.”

“நாளைக்கு எதுக்கு? இப்பவே போறேன்” என்றேன். என் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டேன்.

பேச்சியம்மாள் அன்னத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். விளக்கைச் சாக்கின் மேல் மெதுவாகப் படுக்கவைத்துவிட்டு என்னோடு தெருவுக்கு வந்தாள். போலீஸுக்குப் போகலாமா என்று கேட்டேன். “என்னன்னு சொல்லுறது தாயி? வித்தது நாங்கதான?” என்றாள். முதலாளிக்கு அந்த ஒரு பதில் போதும் என்பது எனக்கும் புரிந்தது. அதனால்தான் இன்றுவரை ஆறவில்லை. அவள் விளக்கைப் பொறுத்தவரை சட்டப்படி அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

4. பட்டறையில்

வீட்டில் நல்ல பேச்சு வாங்கினேன். “ஊர் விளக்கை எரிய வைக்கப் போயி, நம்ம அடுப்பை அணைச்சுட்டு வந்திருக்கா” என்றார் மாமியார். கணவரும் அதையேதான் சொன்னார். அவர்கள் சொல்வதும் நியாயம்தானே என்று இரவெல்லாம் புரண்டேன். விடிந்தால் மறுபடி கோபம் வரும்.

அடுத்த வாரம், அன்று தெருவில் பிரியும்போது சொல்லி வைத்தபடி, பேச்சியம்மாளை அவனியாபுரம் பட்டறைக்கு அழைத்துப்போனேன். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். பட்டறைக்காரர் அன்னத்தைக் கையில் வாங்கித் திருகைப் பார்த்தார்.

“இத்தனை நாளும் உடம்புக்குத் தலை கேட்டாக. நீங்க தலைக்கு உடம்பு கேக்குறீக. செஞ்சிருவோம்.”

விளக்கை மீட்க வைத்திருந்த காசு பித்தளைக்கும் கூலிக்கும் போதுமானதாக இருந்தது. மார்கழி பிறந்து சில நாள் கழித்துப் போனபோது விளக்கு தயார். அன்னத்துக்கு ஏற்ற மாதிரி மரை வெட்டியிருந்தார். உடம்பு தங்கம் போல மின்னியது; அன்னம் மட்டும் கறுத்து, மங்கலாக இருந்தது.

“நிறம் ஒட்டலையே. உப்பும் புளியும் தடவி ஈரச்சாக்குல சுத்தி வச்சா, எல்லாம் ஒரே பழசா ஆயிரும். கடைக்காரவுகளுக்கு அப்படித்தான் பண்ணித் தாரேன். பண்ணிரவா?” என்று கேட்டார்.

“வேணாம்ணே. அன்னம் எங்கம்மா கொடுத்தது, விளக்கு நான் கொடுக்கிறது. அதது அதது மாதிரியே தெரியட்டும்” என்றாள் பேச்சியம்மாள்.

தையில் அந்த விளக்கு அவள் மகளோடு போனது. பழைய விளக்கு ஓட்டலுக்குத்தான் போனது. அதில் துளை போட்டிருப்பார்கள்.

வேலைக்குப் போகும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். அந்தக் கடையில் சேரும்போது சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்றுதான் கேட்டேன். எதைச் சொல்வதற்கு அந்தச் சம்பளம் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

ஆறு மாதம் கழித்து ஒரு துணிக்கடையில் ஆள் தேவை என்றார்கள். போனேன். அந்த முதலாளி சம்பளத்தைச் சொல்வதற்கு முன்னால் நான் கேட்டேன்.

“சாயம் போகுமான்னு யாராவது கேட்டா நான் என்னங்கய்யா சொல்லணும்?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “போற துணிக்குப் போகும்னு சொல்லும்மா. பின்ன வேற என்ன சொல்லுவ?”

அன்றே சேர்ந்துவிட்டேன்.