நல்ல ஏலத்தைக் கடைசியில் காட்டிய ஸஹாப்தீன்

ஸஹாப்தீன் நானாவுக்கு உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம் சுடும். எழுபத்திரண்டில் இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் மலைப்பக்கம் ஏறுகிற காலை முதல் பஸ்ஸை நான்தான் ஓட்டினேன். ஏலக்காய் வியாபாரியான அவர் தோட்டங்களில் காய் வாங்க அதில்தான் வருவார். முன் சீட்டில் முழங்காலை ஆட்டிக்கொண்டே போஸ்ட்கார்ட் எழுதுவார். எல்லாம் கொழும்பு வானொலியின் காலை நிகழ்ச்சிக்கு. இதைப் பற்றிப் பேசுங்கள், அதைப் பற்றிப் பேசுங்கள் என்று யோசனை சொல்லி இருபத்தாறு கார்ட் போட்டார். பதில் இல்லை.

அது அவர் பாடு. ஆனால் அழகம்மாவிடம் வாயை விட்டுவிட்டார்.

மேலே ரோடு வளைகிற மூன்று முடக்குகளில் பனி அடைத்துக்கொள்ளும். பஸ் விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஒருமுறை பஸ்ஸின் முன் சில்லு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது. அன்றிலிருந்து தோட்டத்து அழகம்மா லாந்தரோடு முன்னால் நடப்பாள். அந்த வெளிச்சத்தைப் பிடித்து நான் ஊர்ந்து வருவேன். "ஒன் கதை ரேடியோவுல வரும் புள்ள" என்றார் நானா. அவள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள். பிறகு தினமும் ஒரே கேள்வி.

"மொதலாளி, எப்பங்க?"

மனுசனுக்கு முகம் கொடுக்க முடியவில்லை. ஒருநாள் நேரே கொழும்பு வானொலி நிலையத்துக்கே போய் நின்றார். தயாரிப்பாளர் ஐந்து நிமிடம் கொடுத்தார். நடந்ததை நானாதான் எனக்குச் சொன்னார்.

முதலில் மிளகு காயப்போடுகிற கதை.

"வேண்டாம்."

அடுத்து சாதிக்காய் மரம்.

"வேண்டாம். ஒலிப்பதிவுக்கு நேரமாகுது" என்று தயாரிப்பாளர் எழுந்துவிட்டார். நானா படியெல்லாம் பின்னால் ஓடி, மூச்சு வாங்க அழகம்மா கதையைச் சொன்னார். தயாரிப்பாளர் படியிலேயே நின்றார்.

"இதை ஏன் முதலே சொல்லேல்ல?"

"நல்ல ஏலத்த மொதல்ல காட்டுனா வெல நிக்காதுங்க சேர். சுமாரான சாக்கத்தான் முன்னுக்கு அவுப்போம்."

"இது கடை இல்லை ஐயா. வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெண்ணைக் கூட்டி வாங்கோ. நேரடியாப் பேசட்டும்."

நானா வந்து சொன்னதும் எனக்குக் கோபம்தான் வந்தது. "அவ கொழும்புல இருந்தா எனக்கு யாரு நடக்கிறது?"

"நான் நடக்கிறேன்."

வியாழக்கிழமை அழகம்மா தன் அண்ணனோடு ரயிலேறினாள். வெள்ளி காலை நானா லாந்தரைப் பிடித்து முன்னால் நடந்தார். பஸ்ஸுக்குள் கண்டக்டர் பொன்னையா டிரான்சிஸ்டரைத் திறந்து வைத்திருந்தான். இரண்டாவது முடக்கில் அவள் குரல் வந்தது.

"இன்றைக்குப் பஸ்ஸுக்கு முன்னால் யார்?" என்று கேட்டார்கள்.

"எங்க மொதலாளிங்க. அவருக்கு நெதானமா நடக்க வராது. அதாங்க பயமா இருக்கு."

பஸ்ஸே சிரித்தது. சிரிப்புக் கேட்டு லாந்தர் திரும்பியது.

"டேய், என்னா சொன்னா? என் பேரச் சொன்னாளா?"

"ரோட்டப் பாருங்க நானா!" என்று ஹாரன் அடித்தேன்.

நாலடி நடப்பார், திரும்புவார். மூன்றாவது முடக்கைத் தாண்டி அவர் ஓடிவந்து ஏறியபோது ரேடியோவில் பாட்டு போய்க்கொண்டிருந்தது. அவள் சொன்னதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இறங்கும்வரை அவர் உட்காரவே இல்லை.